கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி

சென்ற ஆண்டு என் சின்னம்மாவுக்குப் பத்தாவது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. கர்ப்பப்பையைக் கழுவ வேண்டும் என்றார்கள். சித்தப்பா வேலையிடத்திலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. துணைக்குப் போனவள் நான்தான். தாதி ஒரு பாரத்தை நீட்டி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பாரம் மலாயில் இருந்தது. சின்னம்மா சந்தையில் சரளமாக மலாய் பேசுவார். ஆனால் மருத்துவமனைப் பாரத்தில் உள்ள மலாய் வேறு. "என்னம்மா எழுதியிருக்கு, படிச்சு சொல்லு" என்றார்.

படித்தேன். ரத்தப்போக்கு, நோய்த்தொற்று, கர்ப்பப்பையில் துளை விழும் சாத்தியம் என்று வரிசையாக இருந்தது. சின்னம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இதுக்கப்புறம் எனக்குப் பிள்ளை தங்குமா?" பல்கலைக்கழகத்தில் படிக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. தாதியை மறுபடியும் கூப்பிட்டோம். மருத்துவர் வந்தார். ஐந்தே நிமிடம்தான் பேசினார். பெரும்பாலோருக்குப் பிறகு கரு தங்கும் என்றும், காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும் என்றும் விளக்கினார். அதன் பிறகே சின்னம்மா கையெழுத்துப் போட்டார்.

கரு தானாகக் கலைந்த ஒரு பெண்ணுக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. அவருக்கே அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. அப்படியென்றால், கருவைக் கலைக்க நினைக்கும் ஒரு பெண் யாரிடம் போய்க் கேட்பாள்?

சட்டம் சொல்வது என்ன?

மலேசியாவில் கருக்கலைப்பு முற்றிலும் சட்டவிரோதம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை அதுவன்று. தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவு கருக்கலைப்பைக் குற்றம் என்கிறது. மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கலாம். ஆனால் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கர்ப்பம் தொடர்வதால் பெண்ணின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, மனநலத்துக்கோ வரும் ஆபத்து, கருவைக் கலைப்பதால் வரும் ஆபத்தைவிடப் பெரியது என்று பதிவு பெற்ற மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்துடன் கருதினால், அவர் கருவைக் கலைக்கலாம். பாலியல் வல்லுறவைப் பற்றி அந்த விதிவிலக்கு தனியாக எதுவும் சொல்லவில்லை.

சட்டமே இங்கே ஒரு தராசை வைக்கிறது. ஒரு தட்டில் கர்ப்பத்தின் ஆபத்து, மறு தட்டில் கருக்கலைப்பின் ஆபத்து. தராசைப் பிடித்திருப்பவர் மருத்துவர். பெண்ணின் ஒப்புதலைப் பற்றி அடுத்த பிரிவு பேசுகிறது. 313ஆவது பிரிவின்படி, பெண்ணின் சம்மதமில்லாமல் கருவைக் கலைப்பவருக்கு 20 ஆண்டு வரை சிறை. மூன்றுக்கும் இருபதுக்கும் உள்ள தூரத்தைப் பார்த்தாலே சம்மதத்துக்குச் சட்டம் எவ்வளவு எடை தருகிறது என்பது விளங்கும்.

புக்கிட் மெர்தாஜாமில் நடந்தது

இந்தத் தராசு நம் மாநிலத்திலேயே ஒருமுறை சாய்ந்தது. 2014 அக்டோபரில், புக்கிட் மெர்தாஜாமில் உள்ள ஒரு கிளினிக்கில் நேபாளத்தைச் சேர்ந்த 24 வயதுத் தொழிற்சாலைத் தொழிலாளி ஒருவர் கைது செய்யப்பட்டார். அவர் போனது ஒரு மருத்துவரிடம். இருந்தும், குழந்தை உயிருடன் பிறப்பதைத் தடுத்ததாக 315ஆவது பிரிவின் கீழ் அவர்மீது குற்றம் சாட்டப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொண்டார், ஓராண்டு சிறை விதிக்கப்பட்டது. பெண்ணுரிமை இயக்கங்கள் குரல் கொடுத்தன, மேல்முறையீடு நடந்தது. 2015 ஜனவரியில் பினாங்கு உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அதற்குள் மூன்று மாதங்கள் ஓடிவிட்டன.

வெளிநாட்டுத் தொழிலாளி கர்ப்பமானால் வேலை பெர்மிட் போய், ஊர் திரும்ப வேண்டிய நிலை இங்கே உண்டு. அந்தப் பெண் கருவைக் கலைக்க நினைத்தது சரியா தவறா என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்ல வரவில்லை. சட்டத்தில் தனக்கு ஒரு வழி இருக்கலாம் என்பதை யாராவது அவருக்குப் புரியும் மொழியில் சொல்லியிருந்தால், "குற்றவாளிதான்" என்று ஒப்புக்கொண்டிருப்பாரா என்பதே என் கேள்வி.

ஆபத்து: எது உண்மை?

கருக்கலைப்பின் ஆபத்தைப் பற்றி இரண்டு வகைப் பேச்சு நம் காதில் விழுகிறது. ஒன்று, இணையத்தில் திருட்டுத்தனமாக மாத்திரை விற்பவர்களின் பேச்சு: "ஒன்றும் ஆகாது, வீட்டிலேயே முடிந்துவிடும்." மற்றொன்று பயமுறுத்தும் பேச்சு: "புற்றுநோய் வரும், மலடாகிவிடுவாய், பைத்தியம் பிடிக்கும்." ஆய்வுகள் இரண்டையும் ஏற்கவில்லை.

முதலில் மார்பகப் புற்றுநோய். 2004இல் லான்செட் மருத்துவ இதழில் 16 நாடுகளின் 53 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரை வந்தது. புற்றுநோய் கண்ட 83,000 பெண்களின் விவரங்கள் அதில் இருந்தன. கருக்கலைப்பால் மார்பகப் புற்றுநோய் கூடுவதில்லை என்பதே முடிவு. பழைய ஆய்வுகள் சில ஏன் வேறு மாதிரி சொல்லின? அவை நோய் வந்த பிறகு பெண்களிடம் கடந்த காலத்தை விசாரித்தவை. நோயுற்றவர்கள் பழைய கருக்கலைப்பை மறைக்காமல் சொன்னார்கள். நலமாக இருந்தவர்கள் பலர் மறைத்தார்கள். அதனால் கணக்கு தவறியது.

மனநலத்தில் விவாதம் இன்னும் சூடானது. 2008இல் வந்த நியூசிலாந்து ஆய்வொன்று, கருக்கலைப்புக்குப் பின் மனநலப் பாதிப்பு சற்றுக் கூடுவதாகச் சொன்னது. 2011இல் பிரிட்டனின் மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பு வெளியிட்ட மறுஆய்வு, விரும்பாத கர்ப்பத்தைக் கலைத்தாலும் பெற்றெடுத்தாலும் பாதிப்பின் அளவு ஒன்றே என்றது. ஏற்கெனவே மனநலச் சிக்கல் இருந்ததா என்பதே பின்னால் வருவதை அதிகம் காட்டித் தருகிறது என்றும் சொன்னது.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? உண்டு. கருவின் பகுதி உள்ளேயே தங்கிவிடலாம், ரத்தப்போக்கு மிகலாம், நோய்த்தொற்று வரலாம், அரிதாகக் கர்ப்பப்பை காயப்படலாம். வாரங்கள் கூடக்கூட ஆபத்தும் கூடும். முறையாகச் செய்த கருக்கலைப்பு பொதுவாகப் பிற்காலக் கர்ப்பத்தைத் தடுப்பதில்லை. கவனிக்காமல் விட்ட நோய்த்தொற்று கருக்குழாயை அடைத்துவிடலாம். பிற்காலத்தில் குறைமாதப் பிரசவம் நேரும் வாய்ப்பு சற்றுக் கூடுவதையும் ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்குக் கருக்கலைப்புதான் காரணமா என்பது உறுதியாகவில்லை. கரு குழாயிலேயே தங்கியிருந்தால் மாத்திரை வேலை செய்யாது. குழாய் வெடித்து உயிரே போகலாம். இணையத்தில் விற்பவர் உங்களை ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில்லை.

மறு தட்டையும் மறக்கக்கூடாது. பிரசவத்துக்கும் ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 1998 முதல் 2005 வரையிலான கணக்கில், சட்டப்படி செய்த ஒரு லட்சம் கருக்கலைப்புகளுக்கு ஒன்றுக்கும் குறைவான மரணம். ஒரு லட்சம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய ஒன்பது. ஒரு தட்டை மட்டும் காட்டுவது எடை போடுவதாகாது.

ஒப்புதல் என்றால் என்ன?

2006 டிசம்பரில் நம் கூட்டரசு நீதிமன்றம் ஒரு முக்கியத் தீர்ப்பு வழங்கியது. சட்ட மாணவர்கள் அதை ஃபூ ஃபியோ நா வழக்கு என்பார்கள். அது முதுகெலும்புச் சிகிச்சை தொடர்பான வழக்கு. சிகிச்சையின் ஆபத்தில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதை மருத்துவர்களின் வழக்கம் மட்டும் முடிவு செய்ய முடியாது. அந்த நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் முக்கியமாகக் கருதும் ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அதன் சாரம். கருக்கலைப்புக்கும் இது பொருந்தாதா? "எனக்குப் பிள்ளை தங்குமா?" என்ற கேள்வியைவிட முக்கியமானது ஒரு பெண்ணுக்கு வேறு என்ன இருக்கிறது?

மற்ற நாடுகள் இதைப் பலவாறு கையாள்கின்றன. சிங்கப்பூரில் முதலில் ஆலோசனை, பிறகு குறைந்தது 48 மணி நேரக் காத்திருப்பு, அதன் பிறகே சிகிச்சை. இந்தியாவின் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் ஒப்புதலே போதும். கணவரின் கையெழுத்து தேவையில்லை. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமோ, பெண்களுக்கான தகவல் கையேட்டிலேயே மார்பகப் புற்றுநோயைப் பற்றிப் பேசியது. தகவல் தருகிறோம் என்ற பெயரில் பயத்தைத் தந்தால், அதற்குப் பிறகு வாங்கும் கையெழுத்துக்கு என்ன மதிப்பு?

கருக்கலைப்பு கூடாது என்று மனதார நம்புவோர் நம் வீடுகளிலும் கோயில்களிலும் உண்டு. அவர்களின் நம்பிக்கையை மதிக்கிறேன். "இது பாவம்" என்று ஒருவர் சொன்னால் அது அவர் நம்பிக்கை. "இதனால் புற்றுநோய் வரும்" என்று சொன்னால் அது மருத்துவத் தகவல். சரியா தவறா என்று சோதித்தாக வேண்டும். "ஒன்றும் ஆகாது" என்பதையும் அதே கண்ணால்தான் சோதிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். நமக்கு மூன்று மொழி தெரியும். அம்மாவோ, அக்காவோ, தோழியோ மருத்துவமனைக்குப் போகும்போது துணைக்குப் போங்கள். பாரத்தைப் படித்துக் காட்டுங்கள். எத்தனை வாரம், என்ன முறை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, எந்த அறிகுறி வந்தால் திரும்பி வர வேண்டும் என்று கேட்க வையுங்கள். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய பேட் வீதம் நனைந்தாலோ, காய்ச்சலோ கடும் வலியோ வந்தாலோ, என்ன நடந்தது என்று விசாரித்து நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். பேச ஆளில்லாத பெண்களுக்கு, ஜார்ஜ்டவுனில் 1985 முதல் இயங்கும் மகளிர் மாற்றத்திற்கான மையம் போன்ற அமைப்புகள் இருக்கின்றன.

அன்று வீடு திரும்பும்போது காரில் சின்னம்மா வெகுநேரம் பேசவில்லை. பினாங்குப் பாலத்தில் ஏறியதும் மெதுவாகச் சொன்னார்: "நீ அந்த டாக்டரைக் கூப்பிடலன்னா, நான் பயந்துகிட்டேதான் கையெழுத்துப் போட்டிருப்பேன்."