நாரியிற் பிறந்து காலில் ஓடும் நோ

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ செல்லும் படகை எதிர்பார்த்து நிற்போரைச் சற்று உற்று நோக்குங்கள். ஏனையோர் கிடைத்த இடத்தில் அமர்ந்திருக்க, ஒருவர் மட்டும் ஒரு காலிற் பாரத்தைச் சுமத்தி, மற்றக் காலைச் சிறிதே மடக்கியவாறு நிற்பார். “இருங்கோ ஐயா” என்று இடங்கொடுத்தால், “வேண்டாம் தம்பி, இருந்தால் எழும்பேலாது” என்பார். இருமினால் முகஞ்சுளிப்பார். படகினுள் இறங்குங்கால் அவர் படும் பாட்டைக் கண்டு இரங்காதார் இலர்.

நாரிப்பிடிப்பு என்றும் வாதம் என்றும் நம்மவர் பொதுப்படக் கூறும் நோய்களுள் இதுவும் ஒன்று. மேனாட்டு மருத்துவர் இதனைச் சியாற்றிக்கா என்பர். ஆயுள்வேத நூல்கள் கிருத்திரசி என்று வழங்கும். கிருத்திரம் என்பது கழுகு. நோயாளியின் நடை கழுகின் நடையை ஒத்திருத்தலின் அப்பெயர் வந்தது என்பர்.

நோ காலிலே தோன்றினும் குற்றம் காலில் இல்லை. நம் உடலிலுள்ள நரம்புகளுள் மிகப் பருத்ததும் நீண்டதுமான சியாற்றிக் நரம்பு, முள்ளந்தண்டின் அடிப்பகுதியிலிருந்து புறப்படும் வேர்கள் பல ஒன்றுகூடி உருவாவது. அது பிட்டத்தினூடாகத் தொடையின் பின்புறத்தே இறங்கி, முழங்காலுக்கு அண்மையிற் கிளைத்துப் பாதம் வரை செல்கின்றது. முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் வட்டுக்கள் அமைந்துள்ளன. வட்டின் புறவளையம் நைந்து, உள்ளிருக்கும் பசைபோன்ற பொருள் பிதுங்கி நரம்பு வேரை உறுத்துமாயின், எரிவும் உளைவும் விறைப்பும் காலெங்கும் பரவும். இவ்வுண்மையை 1934 ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்ரர், பார் என்னும் இருவரும் தெளிவுறுத்தினர். முதுமையில் நரம்பு செல்லும் வழி ஒடுங்குவதாலும் இந்நோ வருவதுண்டு.

நோயாளி அறிந்து ஆறுதல் கொள்ளத்தக்க செய்தி ஒன்றுண்டு. பிதுங்கிய பொருள் பெரும்பாலும் நாளடைவிற் சுருங்கிவிடும். ஆதலின், நோயுற்றோருட் பெரும்பாலோர் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் கத்தியின்றியே குணமடைகின்றனர். அதுவரை என் செய்வது என்பதே வினா.

“அசையாமற் படு” என்பதே முன்னாளில் யாவரும் கூறிய புத்திமதி. நெதர்லாந்து மருத்துவர்கள் இதனைப் பரீட்சித்து, முடிபை 1999 இல் வெளியிட்டனர். நோயாளிகள் 183 பேரை இரு பிரிவாக்கி, ஒரு சாராரை இரண்டு வாரம் படுக்கையில் வைத்தனர். மறுசாராரை இயன்றவரை நடமாட விட்டனர். பன்னிரண்டு வாரத்தின் பின் இரு சாராரிலும் 87 வீதத்தினர் தேறியிருந்தனர். படுத்துக் கிடந்தோர் பெற்ற மேலதிகப் பயன் யாதுமில்லை. நோ உச்சமாயிருக்கும் ஓரிரு நாள் ஓய்வு கொள்ளலாம்; அதன்மேற் கிடப்பது தசைகளைத் தளர்த்தி அச்சத்தை வளர்ப்பதே.

அங்ஙனமாயின் எவ்வாறு அசைவது? நியூசிலாந்திலே மக்கென்சி என்னும் இயன்மருத்துவரிடம் 1956 இல் ஒரு நோயாளி வந்தார். தலைப்பக்கம் உயர்த்தப்பட்டிருந்த கட்டிலில் அவர் தற்செயலாகக் குப்புறப் படுத்திருக்க, சில நிமிடங்களிற் கால் நோ அகன்றதாம். அதிலிருந்து மக்கென்சி கண்ட குறிப்பு நமக்கும் உதவும். ஒரு பயிற்சியைச் செய்யுங்கால் காலின் நோ மேலேறி நாரியில் ஒடுங்குமாயின் அப்பயிற்சி நன்று. கீழிறங்கிப் பாதத்தை நாடுமாயின் உடனே நிறுத்துக.

இக்குறிப்பை மனத்திற்கொண்டு மூன்று பயிற்சிகளை மெதுவாகத் தொடங்கலாம். முதலாவது, சமதரையிலே ஐந்து அல்லது பத்து நிமிட நடை. நாளிற் பலமுறை நடந்து, தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுக. இரண்டாவது, பாயிற் குப்புறப் படுத்து இளைப்பாறுதல். அது இசைந்தால் முழங்கைகளை ஊன்றி மார்பைச் சற்றே உயர்த்துக. நரம்புவழி ஒடுங்கிய முதியோர்க்கு நிமிர்வதினும் குனிவதே சுகந்தருமாதலின், இது அவர்க்குப் பொருந்தாது. மூன்றாவது, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, வயிற்றை இறுக்கி, நாரியைப் பாயோடு மெல்ல அழுத்தி ஐந்து எண்ணும்வரை நிற்றல். இதனைப் பத்துமுறை செய்க.

கிணற்றிலே தண்ணீர் அள்ளுவோர் நிறைவாளி ஒன்றுக்குப் பதிலாக அரைவாளி இரண்டாக எடுத்து, உடலோடு அணைத்துச் செல்க. படகிலே நெடுநேரம் அமர வேண்டியோர் துவாயைச் சுருட்டி நாரிக்குப் பின்னே வைத்துக் கொள்க.

எண்ணெய் பூசுதலும் நொச்சியிலை ஒத்தணமும் நம் பரியாரிமார் வழிவழியாகச் செய்துவருவன. இளஞ்சூடு தசையிறுக்கத்தைத் தளர்த்தி ஆறுதல் தருவது மெய்யே. ஆயினும், விறைத்த காலுக்குச் சூடு தெரியாது. நீரிழிவுடையோர் ஒத்தணத்தாற் கால் வெந்து புண்ணானபின் வருந்துவதுண்டு. முதுகில் மிதித்து உருவுவதும் கூடாது. நோமாத்திரைகளை மருத்துவரைக் கேளாது நீடித்து உண்பது இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு. பல வாரஞ்சென்றும் நோ தணியாவிடின் சத்திரசிகிச்சை பற்றி ஆராயலாம். அது விரைந்து சுகந்தரும். ஆயினும் ஓராண்டின் முடிவிற் பொறுத்திருந்தோரும் ஏறக்குறைய அதே நிலையை அடைந்தனர் என 2007 இல் வெளியான மற்றொரு நெதர்லாந்து ஆய்வு காட்டிற்று.

இதுகாறும் பொறுமையைப் பற்றிக் கூறினோம். இனிக் கூறுவது பொறுத்தலாகாத இடம். தீவிலே வாழ்வோர் இதனை மறவாதிருத்தல் வேண்டும். சலம் கழியாது தடைப்படினும், சலமோ மலமோ அறியாமற் கழியினும், தொடையிடுக்கும் ஆசனவாய்ப் புறமும் விறைத்தாலும், இரு கால்களும் ஒருங்கே வலுவிழந்தாலும், முள்ளந்தண்டின் அடியிலுள்ள நரம்புக்கொத்து முழுவதும் நெருக்குண்டிருக்கலாம். அப்போது மணிக்கணக்கே முக்கியம். தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடக்கூடும். பாதம் தூக்கவியலாது தொங்கினும், காய்ச்சலோடு நோ வரினும், பனையிலிருந்து விழுந்தபின் வரினும், புற்றுநோய் கண்டவர்க்கு வரினும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடஞ் செல்க.

நகரத்தவர்க்கு வைத்தியசாலை தெருவோரம். நெடுந்தீவினர்க்கோ பெரிய வைத்தியசாலை கடலுக்கு அப்பால். அதனாலே, வெட்கத்தால் இக்குறிகளை மறைப்பதும், “விடியட்டும், காலைப் படகிற் போவோம்” என்பதும் நமக்குத் தகாதன. இரவாயினும் உள்ளூர் வைத்தியசாலைக்கு உடனே அறிவித்து, கடல் கடக்க வழி தேடுக. வீட்டிலுள்ளோர் நோயாளியிடம், “சலம் ஒழுங்காகப் போகுதோ?” என்று நாள்தோறும் ஒரு வார்த்தை கேட்பது பேருதவியாகும்.

எந்த நோவோடு நடக்கலாம், எந்த நோவுக்குக் கடல் கடக்க வேண்டும் என்று அறிந்து வைத்திருப்பதே தீவக மக்கள் இந்நோய்க்கு எதிராகத் தேடிக்கொள்ளத்தக்க முதற் பாதுகாப்பு.