கடைசிப் பந்தும் புள்ளியியலும்

கோடையில் காவிரி வற்றியதும் திருவையாற்று மணலில் கிரிக்கெட் ஆடுவோம். கடைசி ஓவரில் சொதப்பியவனுக்குத் ‘தொடைநடுங்கி’ என்ற பட்டம் ஆண்டு முழுதும் ஒட்டிக்கொள்ளும். அதைச் சுமந்தவன் நான். நெருக்கடியில் கெட்டிக்காரர் யாரென்று எப்படி அளப்பது?

2018 மார்ச் 18, கொழும்பு. வங்கதேசத்துடன் நிதாகாஸ் கோப்பை இறுதியாட்டம். மட்டை பிடித்த தமிழக வீரர் இருவர். முஸ்தாபிசுர் ரகுமானின் 18ஆவது ஓவரில் விஜய் சங்கர் பந்துகளை அடுத்தடுத்துத் தவறவிட்டார். எடுத்தது 19 பந்தில் 17 ரன். பின்வந்த தினேஷ் கார்த்திக் 8 பந்தில் 29. கடைசிப் பந்தில் 5 ரன் தேவை, சிக்சர்! ஒருவர் வீரர், மற்றவர் கோழை என்று ஊரே தீர்ப்பெழுதிற்று.

ஆனால் கார்த்திக் விளாசிய 19ஆவது ஓவரை வீசியவர் ரூபல் ஹுசைன். வினாத்தாளே வேறாயின் மதிப்பெண்ணை ஒப்பிடலாமா, நண்பர்களே? அமெரிக்கக் கால்பந்தில் கோல் உதைப்போரை ஒப்பிடும்போதும் உதைத்த தூரத்தைக் கணக்கில் கொள்ளவேண்டும். மேலும், எட்டு முறை சுண்டிய காசை வைத்து அதன் குணத்தைச் சொல்ல எங்கள் பாடம் அனுமதிப்பதில்லை.

2019 மார்ச் 5, நாகபுரி. ஆஸ்திரேலியாவுக்குக் கடைசி ஓவரில் 11 ரன் தேவை. பந்து வீசியவர் அதே விஜய் சங்கர். மூன்றே பந்துகளில் இரண்டு விக்கெட். இந்தியா 8 ரன்னில் வென்றது.

வரும் கோடைக்கு ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். கடைசி ஓவர்களை, வீசியவன் பெயரோடு குறித்து வைப்பதாக உத்தேசம்.