சில்லில் நிற்கும் வீடும் வலயச் சட்டமும்

உழவு இயந்திரப் பெட்டியில் சட்டி பானைகளையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டுப் புறப்பட்டவர்கள், வீட்டையும் இப்படியே ஏற்றி வந்திருக்கலாமே என்று எம்மிடம் சொல்லிப் பெருமூச்சு விட்டதுண்டு. ஐக்கிய அமெரிக்காவில் அப்படியே வீட்டைச் சில்லின்மேல் கட்டி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். வீடு அவர்களுடையது, பணம் கொடுத்துக் கட்டியது. ஆயினும் அதில் படுத்துறங்க அனுமதி கிடைப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு. அது ஏன் என்பதை இங்கே விளக்க முயல்கிறோம்.

முதலில் வீட்டைப் பார்ப்போம். இரும்புச் சட்டம் பூட்டிய இழுவைப் பெட்டியின்மேல் மரத்தால் கட்டப்படும் இவ்வீட்டின் அகலம் பெரும்பாலும் எட்டரை அடி. உயரம் பதின்மூன்றரை அடி. இந்த அளவுகளைத் தீர்மானிப்பது குடியிருப்பவரின் விருப்பமல்ல, வீதிச் சட்டமே. இதைவிட அகன்றால் விசேட அனுமதியின்றிப் பெருந்தெருவில் இழுத்துச் செல்ல முடியாது. உள்ளே ஒரு சமையல் மூலை, மலசலகூடம், ஏணியில் ஏறிப் படுக்கும் பரண். அவ்வளவுதான்.

சில்லு எதற்கு? ஊரூராகத் திரிவதற்கென்று பலர் எண்ணுகிறார்கள். உண்மைக் காரணம் வேறு. அந்நாட்டின் பல ஊர்களில் ஒரு வீடு இத்தனை சதுர அடிக்குக் குறையக்கூடாது என்று விதி உண்டு. 1990களின் இறுதியில் அயோவா மாநிலத்தில் ஜே ஷேபர் என்பவர் ஏறத்தாழ 100 சதுர அடியில் தமக்கொரு வீடு கட்ட விரும்பினார். நிலத்தில் கட்டினால் சட்டம் ஏற்காது. ஆகவே சில்லின்மேல் கட்டினார். அப்போது அது கட்டடமல்ல, வாகனம்!

ஆனால் ஒரு சட்டத்திலிருந்து தப்பினால் இன்னொன்று வந்து பிடித்துக்கொள்கிறது. கட்டடச் சட்டம் வீட்டை எப்படிக் கட்டவேண்டும் என்று சொல்வது. வலயச் சட்டமோ எந்தக் காணியில் எதைச் செய்யலாம் என்று சொல்வது. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 1916இல் நியூயோர்க் நகரம் முழு நகருக்குமான வலயச் சட்டத்தை இயற்றியது. 1926இல் ஒகாயோ மாநிலத்து யூக்ளிட் என்ற ஊரின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அத்தகைய சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. தொழிற்சாலைப் புகை குடிமனைக்குள் வரக்கூடாது என்ற நோக்கம் நல்லதே. ஆனால் குறைந்தபட்சக் காணி, குறைந்தபட்ச வீடு என்று விதிகள் வளர்ந்தபோது அவை ஏழைகளை வெளியே நிறுத்தும் வேலியாகவும் பயன்பட்டன என்பதே எமது கருத்து.

வாகனமாகப் பதிந்த வீட்டை உங்கள் வளவில் நிறுத்திவைக்கலாம். அதில் குடியிருக்கக் கூடாது, அல்லது சில நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. இதுவே பல ஊர்களின் விதி. அயலவர் ஒருவர் முறைப்பாடு செய்தால் அதிகாரி அறிவித்தலுடன் வாசலில் நிற்பார்.

இது அகதிகளையும் தொட்ட கதை. 2005 ஓகஸ்டில் கத்ரீனா சூறாவளி தென்கரையை அழித்தபின், மத்திய அரசு ஒரு இலட்சத்துக்கும் அதிகமான இழுவை வீடுகளைக் கொடுத்தது. தற்காலிகம் என்று கொடுத்தவற்றில் மக்கள் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். பலகைகளிலிருந்து கசிந்த போமல்டிகைட் வாயு அவ்வீடுகள் பலவற்றில் மிகுதியாக இருந்ததை 2008இல் அரச சுகாதாரப் பரிசோதனை காட்டியது. இதற்கு மாற்றாக மரியான் குசாட்டோ என்ற கட்டடக்கலைஞர் 308 சதுர அடியில் அழகிய சிறுவீடொன்றை வரைந்தார். மிசிசிப்பி மாநிலம் இவ்வகைச் சிறுவீடுகளைக் கொடுத்தபோது, அவற்றை நிரந்தரமாக வைத்திருக்கச் சில ஊர்ச் சபைகள் இணங்கவில்லை. புயலில் வீடிழந்தவனுக்குக் கிடைத்த வீடு, ஊரின் தரத்துக்குக் குறைவாம்.

பின்னர் சில கதவுகள் திறந்தன. 2014இல் டெக்சாசில் சனத்தொகை குறைந்துவந்த ஸ்பேர் என்ற சிற்றூர் சிறுவீட்டாரை வரவேற்றுத் தீர்மானம் எடுத்தது. 2016இல் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரம் சில்லு வீட்டைப் பின்வளவு வீடாக ஏற்றது. 2018ஆம் ஆண்டின் மாதிரிக் கட்டட விதிகளில் 400 சதுர அடிக்கு மேற்படாத வீடுகளுக்கென ஓர் இணைப்புச் சேர்ந்தது. ஆனால் அது அத்திவாரத்தில் நிற்கும் வீட்டுக்கே, அதுவும் உள்ளூராட்சி ஏற்றால் மட்டுமே. 2019 டிசம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரமும் சம்மதித்தது. அங்கே வீடு வாகனமாகப் பதிந்திருக்க வேண்டும், நீரும் மின்சாரமும் இணைக்க வேண்டும், சில்லுகள் வெளியே தெரியாமல் மறைக்க வேண்டும். சில்லிருப்பதால் அனுமதி, சில்லு தெரிந்தால் குற்றம்!

அனுமதி கிடைத்த இடத்திலும் நாம் கவனிக்க வேண்டியது காணியை. பின்வளவில் நிற்கும் வீட்டின் சொந்தக்காரருக்குப் பெரும்பாலும் காணி சொந்தமில்லை. காணிக்காரர் போகச் சொன்னால் வீட்டை இழுக்க வலுவான வாகனம் வேண்டும், போய் நிற்க அனுமதியுள்ள இன்னொரு காணியும் வேண்டும். காணி உறுதியில்லாமல் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது கழிவுநீர். அதிகாரிகளின் மறுப்பில் நியாயமான பகுதி இதுவே. வாகனத்தின் அடியிலுள்ள சிறு தாங்கி நிரம்பியதும் அதை எங்கே ஊற்றுவது? வளவில் ஊற்றினால் அயலவரின் கிணறு கெடும். 2021இல் ஒறிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரம், வீடுள்ள ஒரு வளவில் ஒரு சில்லு வீட்டில் குடியிருக்கலாம் என்று விதித்தபோது, உள்ளே மலசலகூடமோ கழுவும் தொட்டியோ இருந்தால் கழிவு நீரை வெளியேற்றும் இணைப்பு அந்த வளவிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தது.