மேற்கோள்குறிக்குள் வரட்டும் வீட்டுப் பேச்சு

மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் பினாங்குதான். 1816-இல் ஜார்ஜ்டவுனில் பினாங்கு ஃபிரீ பள்ளி தோன்றியபோது அதனுடன் ஒரு தமிழ் வகுப்பும் தொடங்கியது. இன்று மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் கட்டுரை திருத்தும் ஆசிரியர் எவரும் இரண்டு சிக்கல்களைச் சந்திக்கிறார்: பிள்ளை நிறுத்தற்குறியை விட்டுவிடுகிறது, வீட்டில் பேசுவதை அப்படியே எழுதிவிடுகிறது.

குறியை விடுவதில் வியப்பில்லை. ஓலைச்சுவடியில் நிறுத்தற்குறிகள் கிடையா. வாக்கியத்தை வினைமுற்றே முடித்துவைக்கும், பிறர் பேச்சை 'என்று' காட்டிவிடும், 'ஆ' சேர்ந்தால் கேள்வியாகிவிடும். அச்சு வந்தபின் உரைநடையில் குறிகளை ஒழுங்காகக் கையாண்ட முன்னோடி யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879). காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி என்ற பெயர்களே எவ்வளவு நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகின்றன. ஆனால் காற்புள்ளி மூச்சுவிட மட்டும் அன்று. 'அழுதுகொண்டே ஓடிய தம்பியை அக்கா பிடித்தாள்' என்றால் அழுதவன் தம்பி. 'அழுதுகொண்டே, ஓடிய தம்பியை அக்கா பிடித்தாள்' என்றால் அழுதவள் அக்கா. இதைக் கரும்பலகையில் ஒருமுறை எழுதிக் காட்டினால் போதும், விதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வீட்டுப் பேச்சுதான் கடினமானது. பினாங்குப் பிள்ளை 'பொட்டலம் கட்டி வாங்கு' என்று சொல்லாது. 'தாப்பாவ் பண்ணு' என்றுதான் சொல்லும். அந்தச் சொல் சீனத்திலிருந்து மலாய்க்கு வந்து, அங்கிருந்து நம் வீட்டுக்குள் நுழைந்தது. சொற்கள் ஒருவழியாகவே போவதுமில்லை. மலாய்க்காரர் சொல்லும் 'கெடாய்' நம் 'கடை'தான். தாப்பாவை அழுக்கு என்று ஒதுக்கினால், தன் அம்மா பேசுவதே தப்பு என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். அது கொடுமை. அதற்காக எழுத்துத் தமிழைக் கைவிடவும் முடியாது. சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர் நம்மைப் படிக்க அதுவே வழி.

இரண்டுக்கும் இடம் தருவது இரட்டை மேற்கோள்குறி.

மழை வலுத்தது. அம்மா, "சோறு தாப்பாவ் பண்ணிட்டு வாய்யா!" என்றார்.

கதை சொல்பவரின் மொழி எழுத்துத் தமிழ். குறிக்குள் அம்மாவின் குரல். எந்தத் தமிழ் எங்கே பொருந்தும் என்பதைப் பிள்ளை இந்த ஒரே வரியில் கற்றுக்கொள்கிறது.

ஆசிரியர்களே, 'தாப்பாவ்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடிக்கும் முன், அது யாருடைய பேச்சு என்று பிள்ளையிடம் கேளுங்கள். அம்மாவுடையது என்றால், அடிக்காமல் மேற்கோள்குறி போடச் சொல்லுங்கள்.