ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் சந்தாதாரர் பட்டியலைக் கொடுக்கும் முன்...

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் எக்ஸெல்லில் முதலில் போடுவது ஒரு பெயர்ப் பட்டியல்தான். சீட்டு கட்டுபவர்கள், பால் வாங்குபவர்கள், பத்திரிகைச் சந்தாதாரர்கள் என்று ஏதாவது ஒன்று. இந்தப் பட்டியலைத் திருத்தும் வேலையை இப்போது ஏ.ஐ. ஏஜென்ட்டிடம் ஒப்படைக்க முடிகிறது. நானும் ஒப்படைத்தேன். அதில் பட்ட பாட்டைச் சொன்னால் உங்களுக்குப் பயன்படும்.

ஏஜென்ட் என்பது என்ன?

சாட்பாட் நம் கேள்விக்குப் பதில் சொல்லும். ஏஜென்ட், தன்னிடம் கொடுக்கப்பட்ட டூல்களைக் கொண்டு வேலையையும் செய்யும். டூல் என்பது ஒரு சிறிய புரோகிராம். ‘சந்தாதாரரைத் தேடு’ ஒரு டூல் என்றால், ‘சந்தாதாரர் விவரத்தை மாற்று’ இன்னொரு டூல். நாம் சாதாரணத் தமிழில் சொன்னால் போதும். எந்த டூலை அழைப்பது, அதற்கு என்ன விவரம் தருவது என்பதை ஏஜென்ட் முடிவு செய்துகொள்ளும்.

இப்படி டூல்களை இணைப்பதற்கான எம்.சி.பி. என்ற பொது முறையை ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்டது. நம் சென்னை ஸோஹோவும் 2025 ஜூலையில் எம்.சி.பி. சர்வரை அறிவித்தது.

நான் செய்த தவறு

நான் ஓசூரில் குடியிருந்து, அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவன். ஓசூரில் என் மாமா மாத இதழ்களுக்குச் சந்தா பிடிக்கிறார். சுமார் 600 பேர். மாவட்ட வாரியாகக் கட்டுப் போட்டு பஸ்ஸில் அனுப்புவார். அங்கங்கே இருக்கும் ஆட்கள் வாங்கி வீடுகளில் சேர்ப்பார்கள்.

பட்டியல் பழைய நோட்டில் இருந்து ஏற்றியது. ஓசூர்க்காரர்கள் பலருக்கும் ‘தருமபுரி மாவட்டம்’ என்றே இருந்தது. தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரியில். “இதைச் சரி பண்ணிக் குடு மாப்ளே” என்றார் மாமா.

நான் ஏஜென்ட்டிடம், “தருமபுரி மாவட்டம் என்று இருப்பதையெல்லாம் கிருஷ்ணகிரி என்று மாற்று” என்று டைப் செய்தேன். சில நிமிடங்களில் 210 ரெகார்டுகள் மாறின. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்தது என்று பெருமைப்பட்டேன்.

அடுத்த மாதம் மொரப்பூரில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் போன் செய்தார். “பன்னெண்டு வருஷமா வாங்குறேன், இந்த மாசம் புக்கு வரலையே தம்பி?” மொரப்பூர் இன்றும் தருமபுரி மாவட்டம்தான். அரூர், பென்னாகரம், பாலக்கோடு எல்லாமும் அப்படியே. அவர்களுடைய பிரதிகள் முழுவதும் கிருஷ்ணகிரிக் கட்டில் போய்விட்டன.

பின்கோடை வைத்துப் பிரிக்கலாம் என்று பார்த்தேன். ஓசூர் 635109, ஆனால் மொரப்பூரும் 635 என்றுதான் தொடங்குகிறது. பழைய பைலுக்கு பேக்கப் எடுக்கவில்லை. மாமா மேஜையில் கிடந்த பழைய முகவரிப் பிரின்ட் அவுட்தான் காப்பாற்றியது. இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.

ஏஜென்ட் மீது தப்பில்லை. நான் சொன்னதைத்தான் செய்தது. மாற்றும் முன் யாரும் பட்டியலைப் பார்க்காமல் விட்டதுதான் தப்பு.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முதலில் பைலை வேறு பெயரில் காப்பி எடுத்து பென் டிரைவில் வையுங்கள்.

2. ஒவ்வொருவருக்கும் ஒரு சந்தா எண் கொடுங்கள். ஒரே ஊரில் நான்கு முருகேசன்கள் இருப்பார்கள். பெயரைச் சொல்லி மாற்றச் சொல்லாதீர்கள்.

3. “மாற்றாதே, மாறப்போகும் ரெகார்டுகளின் பழைய விவரத்தையும் புதிய விவரத்தையும் மட்டும் காட்டு” என்று முதலில் கேளுங்கள். படித்துப் பார்த்த பிறகே அனுமதி கொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அனுமதி கேட்கும் வசதி இருந்தால் அதை ஆன் செய்து வையுங்கள்.

4. காலியாக விட்ட பீல்டை சில டூல்கள் ‘மாற்ற வேண்டாம்’ என்று எடுத்துக்கொள்ளும். சில டூல்கள் உள்ளே இருப்பதை அழித்துவிடும். உங்கள் டூல் எந்த வகை என்று ஒரே ஒரு ரெகார்டில் சோதித்துப் பாருங்கள்.

5. வேலைக்குத் தேவையான காலங்களை மட்டும் கொடுங்கள். மாவட்டம் திருத்த போன் நம்பர் எதற்கு? மற்றவர்களின் விவரங்களைப் பாதுகாக்க 2023லேயே சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.

இப்போதும் ஏஜென்ட்டைத்தான் பயன்படுத்துகிறோம். அது பட்டியலைக் காட்டும். மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் படித்துப் பார்த்து ‘ஆம்’ பட்டனை கிளிக் செய்வார். எந்த ஊர் எந்த மாவட்டம் என்பது அவருக்குத்தான் தெரியும். போன மாதம் மொரப்பூர் ஆசிரியருக்குப் புத்தகம் சரியாகப் போய்ச் சேர்ந்தது.