கான் விழாவுக்குக் கிளம்பிய படம், குளித்துத் தலைவாரியது சென்னையில்!

2024 மே மாதம். பிரான்சின் கான் திரைப்பட விழா. சிவப்புக் கம்பளத்தில் நடிகர் நசிருதீன் ஷா நடந்து வருகிறார். உள்ளே, ஷியாம் பெனகலின் ‘மந்தன்’ ஓடப்போகிறது. குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் போட்டுத் தயாரித்த, 1976-இல் வெளிவந்த படம்! 48 வயதுப் படம் புத்தம்புதுசாக மின்னியது எப்படி? மீட்பு வேலை நடந்த இரண்டு இடங்களில் ஒன்று இத்தாலியின் பொலோன்யா. இன்னொன்று? நம்ம சென்னை, பிரசாத் நிறுவனம்! வாங்க, திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம்.

முதலில் வருவது படமல்ல, வாசனை. பழைய பிலிம் டப்பாவைத் திறந்தால் புளிச்ச காடி நெடி குப்பென்று அடிக்கும். ஈரமும் வெக்கையும் சேர்ந்தால் பிலிமிலுள்ள அசிட்டேட் சிதைந்து அமிலமாகிவிடும். மரக்காணம் உப்பளக் காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்று அந்தப் பகுதிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கடலோர ஈரக்காற்று பிலிமையும் விட்டுவைக்காது. சுருங்கும், வளையும், பூஞ்சை பூக்கும்.

அடுத்தது கைவேலை. மேசை விளக்கில் பிலிமை விரித்து, கிழிந்த ஓரத் துளைகளை ஒவ்வொன்றாக ஒட்டுகிறார்கள். ஒரு துளை பிசகினாலும் திரையில் காட்சி குதிக்கும்! பிறகு பிலிமைக் கழுவி, ஒவ்வொரு ஃபிரேமாக ஸ்கேன் செய்கிறார்கள். நொடிக்கு 24 ஃபிரேம். 134 நிமிட ‘மந்தன்’ என்றால் ஏறத்தாழ 1,93,000 ஃபிரேம்கள். அத்தனையிலும் கீறல், புள்ளி, கறை தேடித் துடைக்க வேண்டும். படத்துக்கு மூல நெகட்டிவ் கிடைத்தது. ஒலியைத் தியேட்டரில் ஓடிய ஒரு பிரிண்டிலிருந்து எடுத்தார்கள். நிறம் சரியா என்று சொல்ல, அன்று கேமரா பிடித்த கோவிந்த் நிஹலானியும் இயக்குநர் பெனகலுமே துணை நின்றார்கள். இதைவிட வேறென்ன வேண்டும்!

இன்னொரு குஷியான சேதி. மும்பையின் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் முன்னின்று மீட்ட படங்கள் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் கான் போயின: 2022-இல் அரவிந்தனின் மலையாளப் படம் ‘தம்பு’, 2023-இல் மணிப்புரியின் ‘இஷானோ’, 2024-இல் ‘மந்தன்’. மூன்றுமே சென்னை வழியாகப் போனவை! அதற்கும் முன்னால், 2012-இல், உதய் சங்கரின் ‘கல்பனா’ மீட்கப்பட்டு அங்கே திரையேறியது. அந்தப் படம் உருவானதே மெட்ராஸ் ஜெமினி ஸ்டுடியோவில்தான்.

ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கும் கைகள் இங்கே இருக்கின்றன. ஆனால் தமிழின் முதல் பேசும் படமான 1931-இன் ‘காளிதாஸ்’ படத்துக்கு ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. கைவசம் பிலிம் இருந்தால்தானே எந்தக் கையும் காப்பாற்ற முடியும்?

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் பரணிலோ, மூடிப்போன தியேட்டரின் ஆப்பரேட்டர் அறையிலோ பழைய படப்பெட்டி கிடந்தால் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஈரம் படாத, குளுமையான இடத்தில் வையுங்கள். புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். அடுத்து கான் போகும் படம் தமிழ்ப் படமாக இருக்கட்டும்!