விஸா நிலையங்களும் நம்மவர் நிலையும்

புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணத்து உப்பளங்களை நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் பொம்மையார்பாளையம் என்னும் ஊர் உள்ளது. ஒரு புறம் கடலும் மீனவர் குடியிருப்பும் இருக்க, 1968-ஆம் வருஷம் பிப்ரவரி 28-ஆம் தேதி ஸ்தாபிக்கப்பெற்ற ஆரோவில் மறுபுறத்தில் அண்மையிலேயே அமைந்திருக்கிறது. ஆதலின் பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் இப்பக்கத்தில் நடமாடுவது எவருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆனால் இவ்வூர் மீனவர் ஒருவர், பாரிஸ் நகரில் வாழும் உறவினர் வீட்டுக் கல்யாணத்திற்குப் போய்வர விரும்பினால் அது எவ்வளவு எளிதில் கைகூடும்? இதனைச் சற்றே ஆராய்வோம்.

பாரிஸில் உறவினர் இருப்பது இப்பக்கத்தில் அதிசயமன்று. புதுச்சேரி 1954-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி வரையில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. பொம்மையார்பாளையத்திலிருந்து கடைத்தெருவுக்குச் சென்ற மனிதன் இரண்டு சாம்ராஜ்யங்களின் எல்லையைக் கடந்தே சென்றான். 1962-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி அமுலுக்கு வந்த உடன்படிக்கையின்படி, அப்பகுதியினர் ஆறு மாத காலத்திற்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுப் பிரஜா உரிமையை வைத்துக்கொள்ளலாயிற்று. சிலர் அவ்வாறே செய்தனர். எனவே உறவால் ஒன்றாயிருப்போர் பிரஜா உரிமையால் இரண்டாக நிற்கின்றனர். ஒருவர் விமானச் சீட்டு வாங்கினால் போதும். மற்றவருக்கோ விஸா வேண்டும்.

விஸா வேண்டுவோர் முற்காலத்தில் ஸ்தானிகர் காரியாலயத்தின் வாயிலிலேயே வெயிலிலும் மழையிலும் வரிசையாய் நின்றனர். கூட்டம் பெருகவே, மனுக்களை வாங்கும் வேலையைத் தனியார் ஸ்தாபனங்களிடம் விடும் வழக்கம் பரவியது. இத்தொழிலில் இன்று முதன்மையாய் விளங்கும் வி.எப்.எஸ். குளோபல் என்னும் கம்பெனி 2001-ஆம் வருஷத்தில் நமது பம்பாயிலே தொடங்கியதாகும். இன்று அது 60-க்கு மேற்பட்ட சர்க்கார்களுக்கு இவ்வேலையைச் செய்கின்றது. பி.எல்.எஸ். போன்ற வேறு கம்பெனிகளும் உண்டு. நமது சர்க்காரின் ஸ்தானிகர் காரியாலயங்களும் பல தேசங்களில் இம்முறையையே கைக்கொண்டிருக்கின்றன.

இந்நிலையங்களின் அதிகாரம் எத்தகையது என்பதை அறிய, நம்மவர் பலரும் கண்டுள்ள பாஸ்போர்ட் சேவை நிலையத்தை நினைத்துக்கொண்டால் போதும். அங்கே 'ஏ' மேஜையில் இருப்பவர் கம்பெனிச் சிப்பந்தி. காகிதங்களை வாங்கிப் படமும் விரல் ரேகையும் எடுப்பது அவர் வேலை. 'பி', 'சி' மேஜைகளில் இருப்பவர்களே சர்க்கார் அதிகாரிகள், தீர்மானம் அவர்களுடையது. விஸா நிலையம் என்பது முழுவதும் 'ஏ' மேஜையேயாம். மற்ற இரண்டு மேஜைகளும் வேறொரு கட்டிடத்தில், மனுதாரர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன.

பிரான்ஸ் உள்ளிட்ட 29 தேசங்கள் சேர்ந்த ஷெங்கன் பிரதேசத்திற்குரிய முறையை எடுத்துக்கொள்வோம். பிரயாணத்திற்கு ஆறு மாதத்திற்கு முன்பிருந்து மனுச் செய்யலாம். பதினைந்து நாட்களுக்குக் குறையலாகாது. மனுவை இணையத்தில் நிரப்பி, நாள் குறித்துக்கொண்டு, நேரில் செல்லவேண்டும். நிலையத்தார் காகிதங்களை ஜாபிதாவோடு ஒத்துப் பார்த்து, பத்து விரல்களின் ரேகையையும் முகப்படத்தையும் எடுப்பர். இந்தியாவில் இவ்வேற்பாடு 2015-ஆம் வருஷம் நவம்பர் 2-ஆம் தேதி தொடங்கிற்று. ஒருமுறை எடுத்த ரேகை 59 மாதங்களுக்குப் பயன்படும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது தேவையில்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸும் அவசியம். கட்டணம் 2024-ஆம் வருஷம் ஜூன் முதல் வயது வந்தோர்க்கு 90 யூரோ. இதற்கு மேல் நிலையத்தார் வாங்கும் சேவைக் கட்டணம் பொதுவாக இதில் பாதியைத் தாண்டலாகாது என்பது விதி. தனி அறை, குறுஞ்செய்தி, வீட்டுக்கே பாஸ்போர்ட் அனுப்புதல் முதலியன அவரவர் விருப்பத்தைப் பொறுத்தவை. வேண்டாமென்று சொல்பவரின் மனு அதனால் ஒரு சிறிதும் கெடுவதில்லை.

மனுவைப் பரிசீலிப்பதும், விசாரிப்பதும், முடிவு செய்வதும், விஸாச் சீட்டை ஒட்டுவதும் ஸ்தானிகர் காரியாலயத்தின் வேலையே என்று ஐரோப்பியச் சட்டம் திட்டமாய்க் கூறுகிறது. முடிவு சாதாரணமாகப் பதினைந்து நாட்களுக்குள்ளும், சிக்கலான விஷயங்களில் 45 நாட்களுக்குள்ளும் வரவேண்டும். ஆகவே, நம்மைப் பார்ப்பவர் தீர்ப்பவரல்லர். தீர்ப்பவரோ பெரும்பாலும் நம்மைப் பார்ப்பவரல்லர். நிலையத்துச் சிப்பந்தியிடம் கண்ணீர் வடித்தாலும் கோபித்தாலும் பயனில்லை. காகிதம் ஒன்றே நமக்காகப் பேசும்.

நமது மீனவரின் இடர் தொடங்குவது இங்கேதான். ஜாபிதா கேட்பது சம்பளச் சீட்டு, முதலாளியின் லீவுக் கடிதம், வருமான வரிக் கணக்கு, பாங்கியின் கடைசி மூன்று மாதக் கணக்கு ஆகியவை. இவை யாவும் மாதச் சம்பளக்காரரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை. கடல் எவர்க்கும் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுப்பதில்லை. நமது கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடை உண்டு. விசைப்படகில் தொழில் செய்பவர் ஜூன் மாதத்தில் மனுச் செய்வாராயின், மூன்று மாதக் கணக்கில் இரண்டு மாதம் வெறுமையாகவே தோன்றும். மரக்காணத்து உப்பளத் தொழிலாளிக்கோ ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலை நின்றுவிடும். மீன் முட்டையிடும் காலத்தில் வலையை மடித்து வைப்பது நமது சர்க்காரின் உத்தரவு. மழையில் உப்பு விளையாதது இயற்கையின் உத்தரவு. அயல்நாட்டு அதிகாரியின் கண்ணுக்கு இரண்டும் வருமானமற்ற நிலையாகவே காணும். 'இவன் திரும்பி வருவான் என்பது என்ன நிச்சயம்?' என்ற ஐயம் அங்கிருந்து பிறக்கிறது.

இந்த ஐயத்தை மனுதாரரே முன்கூட்டித் தீர்த்துவைக்க வேண்டும். பாரிஸ் உறவினர் தமது நகரசபைக் காரியாலயத்தில் 30 யூரோ வரி செலுத்தி, விருந்தினரைத் தம் வீட்டில் தங்கவைப்பதாக அத்தாட்சிப் பத்திரம் பெற்று அனுப்பவேண்டும். இங்குள்ளவர் மீனவர் கூட்டுறவுச் சங்க அட்டை, படகுப் பதிவு, வீட்டுவரி ரசீது, குடும்ப அட்டை முதலியவற்றை மொழிபெயர்ப்போடு சேர்க்கலாம். மூன்று மாதத்தோடு நில்லாமல் ஒரு வருஷத்துப் பாங்கிக் கணக்கையே வைத்து, தடைக்காலம் இன்னதென ஒரு பக்கத்தில் விளக்கி எழுதுவது மிகவும் நலம்.

இதனை அறியாதாரிடத்தில் தரகர் புகுகின்றார். 'உள்ளே ஆள் இருக்கிறது. விஸா நிச்சயம்' என்பவர் வார்த்தை பொய்யென்று அறிக. நிலையத்தாருக்கே இல்லாத அதிகாரம் தரகருக்கு எங்கிருந்து வரும்? அவர் செருகும் பொய்ப் பத்திரம் ஒன்றே மனுவை மட்டுமின்றி மனுதாரரின் நற்பெயரையும் கெடுத்துவிடும். 2024-ஆம் வருஷத்தில் இந்தியாவில் செய்யப்பட்ட ஷெங்கன் மனுக்கள் சுமார் 11 லட்சம். மறுக்கப்பட்டவை சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம். மறுத்தாலும் பணம் திரும்பாது. கட்டணம் பரிசீலனைக்கே அன்றி விஸாவுக்கன்று. ஆயினும் மறுப்புக்குக் காரணம் எழுத்தில் தரவேண்டும். பிரான்ஸ் விஷயத்தில் முப்பது நாட்களுக்குள் நாந்த் நகரத்து அதிகாரிகளிடம் முறையீடு செய்யவும் வழியுண்டு.

பத்து விரல் ரேகை என்றவுடனே தென்னாப்பிரிக்கா நம் நினைவுக்கு வராமற் போகாது. ஆசியர் என்ற காரணத்திற்காகவே ரேகை கேட்ட டிரான்ஸ்வால் சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகளின் தலைமையில் நம்மவர் 1908-ஆம் வருஷம் ஆகஸ்டு 16-ஆம் தேதி ஜோஹானஸ்பர்க் நகரில் பதிவுச் சீட்டுகளைத் தீயிலிட்டனர். பின்னர் 1913-ஆம் வருஷத்துப் போராட்டத்தில் சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, மறுவருஷம் பிப்ரவரி 22-ஆம் தேதி உயிர் நீத்தாள். இன்றைய ரேகை அத்தகைய இழிவன்று. அந்நாட்டில் குடியிருப்போரை இனத்தால் பிரித்து அடக்குவதற்காக அன்றி, விஸா வேண்டி மனுச் செய்வோரை அடையாளங் காண்பதற்காகவே எடுக்கப்படுகிறது. எனினும் சமத்துவம் நிறைந்துவிட்டதாகவும் சொல்வதற்கில்லை. நமது சர்க்கார் 2014-ஆம் வருஷம் நவம்பரில் தொடங்கிய மின்னணு விஸா முறையால், ஆரோவில்லைக் காண வரும் பிரெஞ்சுக்காரர் வீட்டிலிருந்தபடியே மனுச் செய்கிறார். பொம்மையார்பாளையத்தாரோ முதன்முறை மனுச் செய்கையில் ஒரு நாள் வேலையை இழந்து நிலையத்துக்கு நேரில் செல்கிறார்.

அவரவர் நாட்டு வாசலைக் காக்க அவரவர்க்கு உரிமையுண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் மீன்பிடித் தடைக்காலத்தையும் மழைக்காலத்தையும் குறிக்கும் வருமான அத்தாட்சி ஒன்றை மீன்வளத் துறையும் தாலூகா காரியாலயமும் ஆங்கிலத்திலேயே வழங்குவதற்கு அயல்நாட்டார் எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நிலையங்களில் ஜாபிதாவையும், கட்டாயக் கட்டணம் எது, விருப்பக் கட்டணம் எது என்பதையும் தமிழில் ஒட்டிவைக்குமாறு கேட்பதும் நமது சர்க்காருக்குக் கூடாத காரியமன்று. அச்சமின்றிக் கடலில் இறங்கும் மக்கள் ஒரு காகிதத்துக்கு அஞ்சித் தரகர் வீட்டு வாசலில் நிற்பதை இனியும் வாளா பார்த்திருப்பது நமது ராஜ்யத்திற்கு அழகாகாது.